யன்னலடிச் செய்வினை

சீதேவிப்பிள்ளையின் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்ட நாளிலிருந்து, அதற்குக் காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பை அவள் கணவர் வினாயகமூர்த்தி தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. ஆனால் களுதாவளையில் மரண உதவிச் சங்கத்தின் செயலாளராகப் பல வருடம் இருந்த ஒருவர், சொந்த வீட்டு விஷயத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

முதலில் புறொயிலர் கோழி என்றார். வீட்டில் கோழி காய்ச்சுவதே தீபாவளிக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும்தான் என்று அவள் ஞாபகப்படுத்தியதும், வெல்லாவெளிப் பக்கம் தங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரன் அடிக்கும் களைநாசினி என்றார். அவள் அந்த வயல் வட்டைப் பக்கம் போய்க் கனகாலம். உடனே தொலைபேசிக் கோபுரத்துக்குத் தாவினார். "அந்தக் கோபுரம் நட்ட நாளில இருந்து அதில ஒரு காகம் குந்தினத நீ கண்டயா?" என்று கேட்டார். காகம் நேற்றும் குந்தியிருந்தது. பிறகு தேங்காய் எண்ணெய்க் கலப்படம், கறுப்பு நிற உள்ளுடுப்பு, கிணற்றுத் தண்ணீர். கடைசியில் அவளுடைய குணம். "நீ எல்லாத்துக்கும் கோவிக்கிற ஆள், சீதேவி. அந்தக் கோவந்தான் உள்ளுக்குள்ள கிடந்து கட்டியாப் போயிரிக்கி."

ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு சிகரெட் எரிந்தது. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான். படுக்கையறை யன்னலுக்கு வெளியே நீலப் பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, காலுக்கு மேல் கால் போட்டு, வாயை யன்னல் பக்கம் திருப்பி ஊதியபடி அவர் யோசிப்பார். சீதேவிப்பிள்ளை கட்டிலில் இருந்து, புகைக்குள்ளே அவருடைய முகத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டு காரணங்களைக் கேட்பாள். உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் குற்றவாளிக் கூண்டில் ஏறி இறங்கியது, அவருடைய இரண்டு விரலுக்கு நடுவில் இருந்ததைத் தவிர.

ஊரில் நடக்கும் பெண்கள் கிளினிக்கில் இருந்த மருத்துவமாதுதான் முதலில் தடவிப் பார்த்து, உடனே மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது. வினாயகமூர்த்தியும் கூடவே போனார். பெண்சாதியைத் தனியே விடுகிற மனிதர் அல்ல அவர். டொக்டர் கேட்ட கேள்விகளுக்கும் அவளைத் தனியே விடவில்லை.

டொக்டர் ரிப்கா சின்ன வயதுக்காரி. தலையை முக்காட்டால் சுற்றி, பேனையைக் காதோரம் செருகியிருந்தாள். "எத்தின புள்ளையள் அம்மா?" என்று சீதேவிப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒரு பொம்புளப் புள்ள, டொக்டர்" என்றார் வினாயகமூர்த்தி.

"பால் குடுத்தீங்களா?"

"ரெண்டு வரிசம் குடுத்த" என்றார் அவர், தானே கொடுத்தவர்போல.

"குடும்பத்துல வேற ஆருக்கும் இந்த வருத்தம் வந்திரிக்கா?"

"அவட பக்கமும் இல்ல, என்ட பக்கமும் இல்ல. நல்ல சுத்தமான குடும்பம்."

"வீட்டுல ஆராவது சிகரெட் பத்துறாங்களா?"

வினாயகமூர்த்தி சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். "இவ பத்துறல்ல, டொக்டர். தொட்டும் பாத்ததில்ல."

"நான் இவங்களக் கேக்கல்ல. வீட்டக் கேட்டன்."

"வீட்டுக்குள்ள எண்டா... இல்ல. நான் வெளியில இருந்துதான்."

"யன்னலுக்கு வெளியில" என்றாள் சீதேவிப்பிள்ளை. வந்ததிலிருந்து அவளுக்குப் பேசக் கிடைத்த முதல் வசனம் அது.

டொக்டர் ரிப்கா ஆறுதலாகத்தான் சொன்னாள். பத்துகிறவருக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் இருந்து வருடக்கணக்காக அந்தப் புகையை இழுக்கிற பெண்களுக்கும் மார்பில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடுகிறது என்று நிறைய ஆய்வுகள் சொல்கின்றன. அதிலும் இளவயதில், முதல் பிள்ளை பெறுவதற்கு முந்திய காலத்தில் படுகிற புகை இன்னும் கெட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு.

வினாயகமூர்த்தி கதிரையின் நுனிக்கு வந்தார். "அப்ப இவக்கு என்னாலதான் வந்த எண்டு நிச்சயமாச் சொல்லுவீங்களா?"

"அப்பிடி ஒரு ஆளக் காட்டி, இவங்களுக்கு இதாலதான் வந்த எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலா. முதல்ல இது கேன்சரா எண்டே இன்னும் தெரியாதே. வாற வியாழக்கிழமை ஊசி குத்திக் கொஞ்சம் சத எடுத்துப் பாப்பம். அந்த நாள மட்டும் தவற விட்டுராதீங்க அம்மா."

ஊர் திரும்பும் பஸ்ஸில் வினாயகமூர்த்தி புது மனிதர். டொக்டர் சொன்னவற்றில் அவர் காதில் ஏறியது ஒரே ஒரு துண்டு. அதை அன்று பின்னேரமே சந்தித் தேத்தண்ணிக் கடையில் அவிழ்த்துவிட்டார். "பெரியாஸ்பத்திரி டொக்டரே சொல்லிற்றா, சிகரெட்டாலதான் எண்டு சொல்ல ஏலாதாம்." கேட்டிருந்த ஆண்கள் எல்லோரும் ஒரு பெரிய பாரம் இறங்கியவர்கள்போல ஆளுக்கொன்று பற்றவைத்தார்கள்.

சீதேவிப்பிள்ளைக்குப் பயமாக இருந்தது. அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. குளிக்கும்போது கை தானாக அந்த இடத்துக்குப் போய்த் தடவிப் பார்க்கும். கரைந்திருக்காதா என்று பார்க்கும். கரையவில்லை. வியாழக்கிழமை வந்தால் என்னவென்று தெரிந்துவிடும், தெரிந்தால் அதற்கு ஏதாவது செய்யலாம் என்று அந்தக் கிழமையையே பிடித்துக்கொண்டு இருந்தாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து சேருவார். வினாயகமூர்த்தியும் அப்படி வந்தவர்தான். வந்த புதிதில் மாமியார் உயிரோடு இருந்தார். மாமியாரின் வளவில், மாமியாரின் முன்னால் சிகரெட் பத்துவதா? மரியாதை தெரிந்த மருமகன் அவர். அதனால் மாமியார் இருக்கும் முன் விறாந்தைப் பக்கம் ஒரு பொட்டுப் புகை போகாமல், வீட்டின் பின்பக்கம், தங்கள் படுக்கையறை யன்னலடியில் குந்தியிருந்து புகையை உள்ளே ஊதிவிடுவார். மாமியாருக்குக் கடைசிவரை தெரியாது. ஊரே மெச்சிய மருமகன். மாமியாருக்குக் கொடுத்த மரியாதையின் புகை முழுவதும் மகளின் நெஞ்சுக்குள் போனது. மாமியார் செத்தும் பல வருடம். மரியாதை மட்டும் அதே யன்னலில் அப்படியே இருந்தது.

மற்றபடி கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஒரே மகள் தனுஷாவில் உயிரையே வைத்திருந்தார். அவள் உயர்தரச் சோதனைக்குப் படித்த காலத்தில் விடியப்புறம் எழும்பி லைற்றைப் போட்டால், இவரும் எழும்பிவிடுவார். பிள்ளை தனியே இருந்து பயப்படக் கூடாது என்று நீலக் கதிரையைத் தூக்கிக்கொண்டு, வீட்டின் மற்றப் பக்கத்தில் அவளுடைய அறை யன்னலடிக்குப் போய்க் காவல் இருப்பார். எந்தத் தகப்பன் செய்வான்? அக்கம்பக்கத்துப் பெண்கள் இதைச் சொல்லித் தங்கள் புருசன்மாரைத் திட்டுவார்கள்.

வியாழக்கிழமைக்கு முந்திய திங்கட்கிழமை அவர் கடைசிக் காரணத்தோடு வந்தார். அதற்குமேல் காரணம் தேவைப்படாத காரணம்.

"செய்வின" என்றார். "நேசம்மாதான்."

நேசம்மா சீதேவிப்பிள்ளையின் கூடப்பிறந்த தங்கச்சி. தாயின் வளவில் பழைய வீடு மூத்தவளுக்கு, மற்றப் பாதியில் புது வீடு இளையவளுக்கு. நடுவில் ஒரு கம்பி வேலி. வேலியில் நின்ற தேசிக்காய் மரம் யாருக்கு என்று ஒருமுறை வாய்த்தர்க்கம் வந்து, இரண்டு மாதம் பேசாமல் இருந்து, பிறகு ஒரு காய்ச்சலில் சமாதானமாகிப் போன கதை. அதெல்லாம் வினாயகமூர்த்திக்கு இப்போது சாட்சியம்.

"போன திருவிழாவில உன்னப் பாத்து என்ன சொன்னவள்? உனக்கென்னக்கா, ராசாத்தி எண்டு சொன்னாளா இல்லையா?"

"அதுக்கு?"

"நெருப்பில்லாமப் புகையுமா சீதேவி?" என்று கேட்டு, வாயிலிருந்த புகையை அவள் முகத்துக்கு நேரே விட்டார்.

ஆஸ்பத்திரியில் நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று கதிரை நுனிக்கு வந்து டொக்டரைக் கேட்டவர் இவர். நேசம்மாவைக் குற்றம் சாட்ட அதெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு 'ராசாத்தி' போதுமாக இருந்தது. அன்றைக்கே சாமித்தம்பிப் பூசாரியாரைப் பிடித்துவிட்டார். செய்வினை எடுப்பதில் பேர்போன ஆள். மட்டக்களப்பில் பிறந்துவிட்டு மந்திரத்தை நம்பாமல் இருந்தால் வெளியூர்க்காரன் என்ன நினைப்பான்?

பூசாரியார் சொல்லியனுப்பிய சேதி இதுதான்: வளவுக்குள் ஏதோ புதைத்துக் கிடக்கிறது. அதை எடுக்க முதல் உடம்பில் இரும்பு படக் கூடாது. பட்டால் ஊசி போன வழியால் செய்வினை உடம்பெல்லாம் ஓடிவிடும். ஆகவே அமாவாசை கழியும்வரை ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கூடாது.

சீதேவிப்பிள்ளை சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். "வியாழக்கிழம நான் பஸ் ஏறுவன்."

"இரும்பு படக்கூடா எண்டு..."

"தோண்டுறதெண்டா புதன்கிழம தோண்டட்டும். தகடு வந்தாலும் ஏறுவன், தங்கம் வந்தாலும் ஏறுவன். அமாவாச பாக்க ஏலா."

தனுஷா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மாவோட நான் போறன் அப்பா" என்றாள். இரண்டு பெண்கள் ஒரே பேச்சில் நின்றால் அந்த வீட்டில் வேறு வழி கிடையாது.

புதன்கிழமை காலையில் பூசாரியார் உடுக்கோடும், மண்வெட்டி தூக்கிய தன் ஆள் ஜெயந்தனோடும் வந்து இறங்கினார். வேலிக்கு அந்தப் பக்கம் நேசம்மாவும் வந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஊரில் இரகசியம் என்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிவதுதானே. கோபப்படுவாள் என்று சீதேவிப்பிள்ளை பயந்தாள். நேசம்மா ஒரு ஓலைக் குட்டானில் கச்சான் கடலை கொண்டுவந்து உரித்துத் தின்றுகொண்டு, கூத்துப் பார்க்க வந்தவள்போல வேலியில் சாய்ந்துகொண்டாள்.

பூசாரியார் உடுக்கை அடித்தார், பாடினார், ஆடினார். பிறகு மந்திரித்த தேசிக்காயை உருட்டிவிட்டார். அது எங்கே நிற்கிறதோ அங்கேதான் செய்வினை. வேலிப் பக்கமாகத்தான் உருட்டினார். வினாயகமூர்த்தி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தது அப்படி. தேசிக்காய் கொஞ்சத் தூரம் நேசம்மாவை நோக்கிப் போனது. பிறகு யோசித்தது. பிறகு திரும்பி, மாரி மழைத் தண்ணீர் வழக்கமாக ஓடும் சரிவு வழியே வீட்டின் பின்பக்கம் உருண்டு, படுக்கையறை யன்னலடியில் போய் நின்றுகொண்டது. தேசிக்காய்க்குக் குடும்பப் பகை தெரியாது, பள்ளம் மட்டும் தெரியும்.

"இஞ்சதான்" என்றார் பூசாரியார்.

வினாயகமூர்த்தியின் முகம் கறுத்தது. "அங்க இரிக்காது பூசாரியார். வேலிப் பக்கம் பாருங்க."

"தேசிக்காய் இஞ்ச நிக்கிதே."

"அது... அங்க பூவரசு வேர். மண்வெட்டி இறங்கா."

"ஏன் அத்தான், வேர் உங்கட காலுலயா முளச்சிரிக்கி? நடுங்குறீங்க?" என்றாள் வேலிப் பக்கத்து நேசம்மா.

பூசாரியாருக்குத் தொழில் தெரியும். வீட்டுக்காரர் எந்த இடத்தை வேண்டாம் என்கிறாரோ அந்த இடத்தில்தான் பொருள் இருக்கும். "தோண்டு" என்றார். ஜெயந்தன் மண்வெட்டியை ஓங்கிப் போட்டான். மூன்றாம் போட்டிலேயே டங் என்று கேட்டது.

கிணறு வெட்டப் பூதம் வந்தது என்பார்கள். இங்கே வந்தது ஒரு பால்மா டின். துருப்பிடித்து, வாயைப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டி, கல்யாணப் பலகாரம்போலப் பத்திரமாக இருந்தது. பூசாரியார் விபூதியை அள்ளி எறிந்துவிட்டு, நெஞ்சைத் தைரியப்படுத்திக்கொண்டு அவிழ்த்தார். அவிழ்த்தவர் பின்னால் ஒரு எட்டுப் பாய்ந்தார். உள்ளே ஒரு பெண்ணின் தலைமுடிச் சுருள். அதோடு எரிந்து கருகிய துண்டுகள், வாய்வரை.

"தலமயிர்!" என்று கத்தினார். "எரிச்ச பொருள்! எச்சில் பட்ட பொருள்! என்ட சீவியத்தில இப்பிடி ஒரு கட்டு நான் கண்டதில்ல!"

சீதேவிப்பிள்ளை குனிந்து பார்த்தாள். முடி அவளுடையதுதான். கல்யாணம் முடித்த காலத்து முடி, கன்னங்கரேலென்று இருந்தது. தலை வாரும்போது உதிர்வதை உருட்டி யன்னல் கட்டின் மேல் வைப்பாள். 'உன்ட முடி வெளியாள் கையில படப்படா, செய்வின செய்வாங்க' என்று அவர் எடுத்துக்கொண்டு போவார். எவ்வளவு அக்கறை என்று அந்தக் காலத்தில் அவள் பூரித்திருக்கிறாள். அந்த அக்கறை எங்கே போனது என்று இப்போது தெரிந்தது. மாமியார் காணாமல் இருக்கச் சிகரெட் கட்டைகளைச் சேர்த்துப் புதைத்த அதே டின்னுக்குள், பாதுகாப்பாக, அதையும் போட்டிருக்கிறார்.

ஜெயந்தன் தோண்டத் தோண்ட டின்கள் வந்தபடி இருந்தன. பூசாரியாருக்கு இப்போது உண்மையிலேயே சாமி வந்துவிட்டது.

"இத வெச்சவன் வெளியாள் இல்ல! இந்த வீட்டுச் சோத்தத் தின்னுறவன்! நாள் தவறாம இந்த யன்னலடிக்கு வந்திரிக்கான். வாயால ஊதி ஊதி, இந்தப் பொம்புளட படுக்கைக்கு மேல ஏவி விட்டிரிக்கான். இன்னும் நிப்பாட்டல்ல அவன்! பேரச் சொல்லட்டா?"

"வேணாம்!" என்று வினாயகமூர்த்தி அலறினார்.

சாமித்தம்பிப் பூசாரியாரின் இத்தனை வருடத் தொழிலில், சொன்னது ஒவ்வொரு சொல்லாகப் பலித்தது அன்றைக்குத்தான். பாவம், அவருக்கே அது தெரியாது. சீதேவிப்பிள்ளைக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு யன்னல் கட்டின் மேல் சாய்ந்து, கண்ணால் நீர் வழிய வழியச் சிரித்தாள். நேசம்மா வேலிக்கு மேலால் எட்டி ஒரு கட்டையைப் பார்த்துவிட்டு, "இது நம்மட அத்தான்ட மார்க்தானே" என்றாள். பிறகு இரண்டு சகோதரிகளும் வேலியின் இரண்டு பக்கமும் நின்று சிரித்தார்கள். சீதேவிப்பிள்ளையின் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தங்கச்சிக்கு மட்டும் தெரிந்தது. கச்சானைக் கீழே போட்டுவிட்டு வேலியைச் சுற்றி ஓடி வந்தாள்.

வியாழக்கிழமை பஸ் ஏறினார்கள். ஊசி குத்தினார்கள். முடிவு வந்தது. கேன்சர்தான்.

"சின்னதா இரிக்கக்குள்ளயே புடிச்சிட்டம்" என்றாள் டொக்டர் ரிப்கா. "கட்டியோட சேத்து மார்புல ஒரு பங்க எடுத்துட்டு, பொறகு கதிர் குடுப்பம். பயப்பட வேணாம் அம்மா. நாள் பிந்தாம வந்ததுதான் பெரிய காரியம்."

வினாயகமூர்த்தி அன்று எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. கடைசியில் மெதுவாக ஒன்று கேட்டார். "அப்ப, என்னாலயா டொக்டர்?"

"உங்களாலதான் எண்டும் சொல்ல ஏலா. உங்களால இல்ல எண்டும் சொல்ல ஏலா." சொல்லிவிட்டு அவள் தனுஷாவைப் பார்த்தாள். "மகள், இனி நீங்களும் மாசாமாசம் தடவிப் பாக்கப் பழகணும். வயசென்ன?"

"இருவத்தொண்டு."

"நீங்களும் அந்த வீட்டுலதானே?"

"பொறந்ததில இருந்து" என்றாள் தனுஷா.

சீதேவிப்பிள்ளைக்கு அதுவரை வராத கோபம் அப்போது வந்தது. தனக்கு வந்த வருத்தத்தில் வராதது, பிள்ளையின் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வசனத்தில் தலைக்கு ஏறியது. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்ற முதலே நீலக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படலைக்கு வெளியே றோட்டோரம் வைத்தாள்.

"இது என்ட அம்மா எனக்குத் தந்த வீடு. நாளைக்கு என்ட புள்ளட வீடு. இனி இந்தப் படலைக்கு உள்ளுக்குப் புகை வரப்படா. பத்துறதெண்டா அங்கால போய்ப் பத்துங்க."

"இவ்வளவு காலமும் மாடா உழச்சிப் போட்டவன நீ வெளியில போகச் சொல்றயா?"

"உங்களச் சொல்லல்ல. அதச் சொன்னன்."

மானமுள்ள மனிதர். வந்த நாளில் கொண்டுவந்த சூட்கேசைத் தேடி எடுத்து, வெல்லாவெளியில் இருக்கும் அக்காவின் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். ஆனால் எங்கள் பக்கத்தில் அக்காவின் வீடும் அக்காவுக்குத்தான். போய் இறங்கி ஒன்றைப் பற்றவைத்ததும், "தம்பி, இஞ்ச பேரப்புள்ளையள் இரிக்கிதுகள், வயலுக்க போய்ப் பத்து" என்று அக்கா சொன்னாளாம். மறுநாள் சூட்கேசோடு திரும்பி வந்தார். அதன் பிறகு பின்னேரங்களில் றோட்டோரக் கதிரையில் இருந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காற்று வாங்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர் தன் பாட்டுக்கு ஒரு கதையை முடித்து வைத்தது. சாமித்தம்பிப் பூசாரியார் டின் டின்னாகச் செய்வினை எடுத்தார், அதனால்தான் சீதேவிப்பிள்ளை தப்பினாள். இப்போது பூசாரியாருக்கு மூச்சு விட நேரமில்லை. களுவாஞ்சிகுடியில் இருந்தெல்லாம் ஆள் வருகிறது. வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் அவர் வீட்டுத் தாவாரத்தில் நின்று சிகரெட் பத்துகிறார்கள்.

ஒப்பரேஷன் முடிந்து வார்ட்டில் படுத்திருந்த நாட்களில் சீதேவிப்பிள்ளைக்கு ஒரு விஷயம் மனதைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தது. விடியப்புறம். நீலக் கதிரை. வீட்டின் மற்றப் பக்கம். இல்லை, இருக்காது என்று எத்தனை தரம் புரண்டு படுத்தாலும் அது போகவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று, இடது கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நேரே வீட்டின் மற்றப் பக்கம் போனாள். படுக்கையைத் தட்டிப் போட்டுவிட்டு அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போக வினாயகமூர்த்தி வந்தார்.

"மண்வெட்டிய எடுங்க" என்றாள்.

"என்னத்துக்கு?"

"தனுஷாட யன்னலடியத் தோண்டுங்க."

"அங்க ஒண்டும் இல்ல, சீதேவி. வா, வந்து படு."

"அப்ப தோண்டுங்க."

அவர் அவளைப் பார்த்தார். அவள் அசையவில்லை. மண்வெட்டியை எடுத்து வந்து, மண்ணைக் காயப்படுத்தப் பயந்தவர்போல மெல்ல மெல்லத் தோண்டினார். சத்தம் கேட்டுத் தனுஷா உள்ளே இருந்து யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். டங் என்று கேட்டது. அவர் நிறுத்தினார்.

"எடுங்க."

இந்த டின் அவ்வளவு துருப்பிடிக்கவில்லை. பொலித்தீன்கூடப் புதிதாக இருந்தது. அவிழ்க்கும்போது கட்டைகள் மண்ணில் சிந்தின. அதற்குள்ளும் ஒரு முடிச் சுருள். இந்த முடிக்கு நரைத்துப் போக இன்னும் எவ்வளவோ காலம் இருந்தது.

"இது எப்ப அப்பா?" என்றாள் தனுஷா, யன்னலுக்கு உள்ளே இருந்து.

"நீ சோதினைக்குப் படிக்கக்குள்ள" என்றார். "இருட்டுல தனிய இருந்து பயப்படுவா எண்டு... காவலுக்குத்தான் மகள் இருந்தன்."

அது பொய் இல்லை என்று சீதேவிப்பிள்ளைக்குத் தெரியும். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வினாயகமூர்த்தி சிந்திய கட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டின்னுக்குள் போட்டார். முடிச் சுருளை மட்டும் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பைக்குள் சிகரெட் பெட்டி இல்லை என்று அப்போதுதான் சீதேவிப்பிள்ளை கண்டாள். பிறகு பழைய பழக்கத்தில் டின்னைக் குழிக்குள் வைத்து, மண்ணை இழுத்து மூடப் போனார்.

"மூடாதீங்க" என்றாள் அவள். "புள்ள பாக்கட்டும்."